வீட்டுக் கணினியில் நம் மாணவர் பட்டியல்
உளவு நிரல்களும் இலவசக் கருவிகளும்

(குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் கணினி ஆசிரியர் இல்லை; கணக்கு எடுப்பவன். எங்கள் பள்ளியில் எமிஸ் பதிவேற்றத்தைப் பார்த்துக்கொள்வதால், மடிக்கணினியில் ஏதாவது தொல்லை என்றால் உடன் பணியாற்றுபவர்கள் "சார், கொஞ்சம் பாருங்க" என்று என்னிடம் கொண்டு வருவார்கள். அப்படிப் பார்த்துப் பார்த்துப் பழகியதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். கணினி அறிவியல் ஆசிரியர்கள் இருவர் இங்கே இருக்கிறார்கள். நான் எதையாவது விட்டுவிட்டால் அவர்கள் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் கணினியில் டவுன்லோட்ஸ் கோப்புறையைத் திறந்து பாருங்கள். யாரோ ஒரு வகுப்பாசிரியர் வாட்ஸ்அப் குழுவில் போட்ட உதவித்தொகைப் பட்டியல் அதில் நிச்சயம் இருக்கும். மாணவர் பெயர், பிறந்த தேதி, ஆதார் எண், அம்மாவின் கைபேசி எண், வங்கிக் கணக்கு எண், வங்கிக் கிளையின் குறியீடு எல்லாம் கட்டம் கட்டமாக வரிசையில் நிற்கும். பள்ளியில் இணையம் இழுத்துக்கொண்டிருந்த ஒரு நாளில், வீட்டில் உட்கார்ந்து முடித்துவிடலாம் என்று எடுத்து வந்திருப்போம். வேலை முடிந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். பட்டியல் மட்டும், மகன் இறக்கி வைத்த விளையாட்டுக்கும் உறவினர் அனுப்பிய கல்யாணப் பத்திரிகைக்கும் நடுவே அப்படியே கிடக்கும்.

பள்ளி அலுவலகத்தில் சேர்க்கைப் பதிவேட்டைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுகிறோம். மாற்றுச் சான்றிதழ்ப் புத்தகத்தைத் தலைமையாசிரியர் கையை விட்டு வெளியே விடுவதில்லை. அந்தப் பதிவேட்டில் இருப்பதைவிட அதிக விவரம் இந்த எக்செல் கோப்பில் இருக்கிறது. ஒரு பிள்ளையின் பெயர், படிக்கும் வகுப்பு, பள்ளி, அம்மாவின் கைபேசி எண் இந்த நான்கும் ஒருவன் கையில் கிடைத்தால் போதும். "கல்வித் துறையிலிருந்து பேசுகிறோம், உங்கள் பெண்ணுக்கு உதவித்தொகை வந்திருக்கிறது" என்று அவன் பேசினால் நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு தாய் எப்படி நம்பாமல் இருப்பார்? இப்படி ஏமாற்றும் அழைப்புகள் நம் மாநிலத்திலேயே வந்ததையும் காவல்துறை எச்சரித்ததையும் செய்தித்தாளில் படித்திருக்கிறோம். 2023-ஆம் ஆண்டில் வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அந்தக் கணக்கில் பன்னிரண்டாம் வகுப்பு வரை நம்மிடம் இருக்கும் பட்டியல்கள் ஏறக்குறைய எல்லாமே குழந்தைகளின் விவரங்கள்தான்.

அதனால் "என் கணினியில் என்ன பெரிதாக இருக்கிறது, திருடிக்கொண்டு போகட்டுமே" என்று ஆசிரியர்கள் சொல்ல முடியாது.

சரி, உளவு நிரல் என்றால் என்ன? வைரஸ் என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில் ஒரு வகைதான் இது, ஆனால் குணம் வேறு. பழைய வைரஸ் கணினியைக் கெடுக்கும், கோப்புகளை அழிக்கும், வந்திருப்பது உடனே தெரிந்துவிடும். உளவு நிரல் கணினியை நன்றாகவே ஓடவிடும். சத்தம் போடாமல் உட்கார்ந்து நாம் செய்வதைக் கவனித்து வெளியே அனுப்பும். சில நிரல்கள் நாம் எந்தத் தளங்களைப் பார்க்கிறோம் என்று மட்டும் குறித்துக்கொண்டு விளம்பரம் காட்டும். சில, உலாவியின் முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் மாற்றிவிடும். தட்டச்சு செய்யும் ஒவ்வோர் எழுத்தையும் பதிவு செய்யும் நிரல்களும் உண்டு.

இன்றைக்கு மிகவும் பரவலாக இருப்பது வேறொரு வகை. வந்த சில நிமிடங்களில் வேலையை முடித்துவிடும். குரோம், எட்ஜ் போன்ற உலாவிகளில் நாம் "கடவுச்சொல்லைச் சேமி" என்று சொல்லி வைத்திருக்கிறோம் அல்லவா, அவற்றை மொத்தமாக அள்ளும். கூடவே, நாம் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதற்கான குக்கி என்னும் அடையாளச் சீட்டுகளையும் எடுத்துக்கொள்ளும். உலாவி அந்தக் கடவுச்சொற்களைப் பூட்டித்தானே வைத்திருக்கும் என்று கேட்பீர்கள். பூட்டித்தான் வைத்திருக்கிறது, ஆனால் சாவி பீரோவின் மேலேயே இருக்கிறது. நம் பெயரில் நம் கணினியில் ஓடும் எந்த நிரலும் எட்டிப் பார்த்து எடுத்துவிட வாய்ப்பு இருக்கிறது. அண்மைக் காலத்தில் உலாவிகள் அந்தச் சாவியை இன்னும் மறைவாக வைக்க முயல்கின்றன. திருடர்களும் புதிது புதிதாக வழி கண்டுபிடிக்கிறார்கள்.

லம்மா என்று ஒரு திருட்டு நிரல். 2025 மார்ச் 16 முதல் மே 16 வரை, இரண்டே மாதங்களில், உலகம் முழுவதும் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் அது புகுந்திருந்ததாக மைக்ரோசாஃப்ட் நிறுவனம் கணக்கிட்டது. நீதிமன்ற உத்தரவு பெற்று, பல நாட்டுக் காவல் அமைப்புகளோடு சேர்ந்து அதன் இணைய முகவரிகளை முடக்கினார்கள். இது பரவிய வழிகளில் ஒன்றை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏதோ ஒரு தளத்துக்குப் போகிறோம். "நீங்கள் மனிதர்தான் என்று உறுதி செய்யுங்கள்" என்று ஒரு பெட்டி வருகிறது. இது வழக்கமாக வருவதுதானே என்று சொடுக்குகிறோம். அடுத்து, "விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோலோடு வி, பிறகு என்டர்" என்று சொல்கிறது. அப்படிச் செய்தால், அந்தத் தளம் நமக்குத் தெரியாமல் நகலெடுத்து வைத்த கட்டளையை நாமே நம் கையால் ஒட்டி ஓடவிடுகிறோம் என்று பொருள். பூட்டை உடைக்கும் வேலையே திருடனுக்கு இல்லை. எந்த நேர்மையான தளமும் மனிதரா என்று சோதிக்க அந்த மூன்று செயல்களைச் செய்யச் சொல்லாது. இன்று நான் சொல்வதில் வேறு எதையும் எழுதிக்கொள்ளாவிட்டாலும் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது கருவிகளுக்கு வருவோம். "எந்த ஆண்டிவைரஸ் வாங்கலாம் சார்?" இதுதான் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. வீட்டுக் கணினிக்கு எதையும் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் உள்ளேயே இருக்கிறது. இதன் வரலாறே உளவு நிரல் ஒழிப்பில்தான் தொடங்குகிறது. ஜயண்ட் என்ற சிறு நிறுவனத்தை 2004 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் வாங்கி, அவர்களுடைய உளவு நிரல் ஒழிப்பு மென்பொருளையே மெருகேற்றி டிஃபெண்டர் என்று பெயர் வைத்தது. விண்டோஸ் 8 முதல் அது முழுமையான ஆண்டிவைரஸாகவும் ஆனது.

பல வீடுகளில் இந்தக் காவலாளி தூங்கிக்கொண்டிருப்பார், அதாவது தூங்க வைக்கப்பட்டிருப்பார். புது மடிக்கணினி வாங்கும்போது ஏதாவது ஒரு ஆண்டிவைரஸின் சில நாள் சோதனைப் பதிப்பு அதோடு வரும். அது இருக்கும் வரை டிஃபெண்டர் ஒதுங்கி நிற்கும். சோதனைக் காலம் முடிந்தால் அதுவும் சரியாக வேலை செய்யாது. "பணம் கட்டுங்கள்" என்று தினமும் மிரட்டுவது மட்டும் நிற்காது. அதை முறைப்படி நீக்கிவிடுங்கள்; டிஃபெண்டர் தானாக எழுந்துகொள்ளும். பாதுகாப்பு இரட்டிப்பாகும் என்று இரண்டு ஆண்டிவைரஸ் போட்டு வைத்திருப்பவர்கள் உண்டு. ஒன்றை ஒன்று சந்தேகப்பட்டுக் கணினி நகராது, அவ்வளவுதான் மிச்சம்.

விண்டோஸ் செக்யூரிட்டி என்று தேடித் திறந்தால் வைரஸ் பாதுகாப்புப் பகுதி வரும். அதில் மூன்றை மட்டும் பாருங்கள். முதலாவது ஸ்கேன் ஆப்ஷன்ஸ். அதற்குள் ஆஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது. கணினியை மறுபடி தொடங்கி, விண்டோஸ் முழுமையாக எழும் முன்பே சோதிக்கும். ஒளிந்துகொள்ளத் தெரிந்த நிரல்களைப் பிடிக்க இதுதான் நல்ல வழி. பெரும்பாலும் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். இரண்டாவது, ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல் என்ற பகுதியில் "தேவையற்ற செயலிகளைத் தடு" என்ற பொருளில் ஒரு சுவிட்ச். மற்ற மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வரும் விளம்பர நிரல்களை இது தடுக்கும். அது இயங்கும் நிலையில் இருக்கட்டும்.

மூன்றாவது எக்ஸ்க்ளூஷன்ஸ், அதாவது "இந்த இடங்களைச் சோதிக்க வேண்டாம்" என்ற விலக்குப் பட்டியல். வீட்டுக் கணினியில் இது காலியாக இருக்க வேண்டும். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. உடன் பணியாற்றும் ஒருவரின் மடிக்கணினியில் இந்தப் பட்டியலைத் திறந்தபோது சி டிரைவ் முழுவதும் அதில் இருந்தது. அவர் அந்தப் பகுதிக்குள் போனதே இல்லை. விசாரித்தால், முந்தைய கோடை விடுமுறையில் கடையில் கொடுத்து விண்டோஸும் ஆஃபீஸும் "போட்டு" வாங்கியிருக்கிறார். காசு கொடுக்காமல் ஆஃபீஸை இயங்க வைக்கும் திருட்டுச் சாவி நிரல்கள் பலவும் தொடக்கத்தில் ஒன்று சொல்லும்: "முதலில் ஆண்டிவைரஸை அணைத்துவிடுங்கள்." வீட்டுக்கு வரும் விருந்தாளி, நாயைக் கட்டுங்கள் என்று சொன்னால் நியாயம், வீட்டு ஆளையே வெளியே போகச் சொன்னால் என்ன நினைப்போம்? அந்த நிரல்களில் எல்லாமே திருட்டு நிரல் சுமந்து வருபவை என்று சொல்லவில்லை. எது சுமந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள ஆண்டிவைரஸ் தவிர நம்மிடம் வேறு வழி இல்லை. அதைத்தான் அணைக்கச் சொல்கிறார்கள்.

திருட்டு ஆஃபீஸ் நமக்குத் தேவையே இல்லை. லிப்ரே ஆஃபீஸ் இலவசம், திறந்த மூலம், தமிழ் இடைமுகமும் உண்டு. வினாத்தாள், மதிப்பெண் பட்டியல், பாடக்குறிப்பு எல்லாவற்றுக்கும் தாராளமாகப் போதும். எக்செல் கோப்புகளையும் திறக்கும். இதே கதைதான் தமிழ் எழுத்துருவிலும். பழைய எழுத்துருவில் ஒரு சுற்றறிக்கை வந்துவிட்டால் அதன் பெயரைப் போட்டு "இலவசப் பதிவிறக்கம்" என்று தேடி, பெயர் தெரியாத தளங்களில் இருக்கும் பச்சைப் பொத்தான்களை எல்லாம் அமுக்குகிறோம். எழுத்துருக் கோப்பு பெரும்பாலும் டி.டி.எஃப். அல்லது ஓ.டி.எஃப். என்று முடியும். ஈ.எக்ஸ்.ஈ. என்று முடிந்தால் அது எழுத்துரு இல்லை, ஓடக்கூடிய ஒரு நிரல். தட்டச்சு செய்ய விண்டோஸ் 10-இலேயே தமிழ்99 விசைப்பலகை உள்ளே இருக்கிறது. வெளியிலிருந்து வேண்டும் என்றால் இ-கலப்பை, அழகி, என்.எச்.எம். ரைட்டர் எல்லாம் இலவசம்தான்.

டிஃபெண்டருக்குத் துணையாக, மாதம் ஒருமுறை இன்னொரு கண்ணால் பார்த்துக்கொள்வது நல்லது. அதற்கு நான் வைத்திருப்பவை இரண்டு. மால்வேர்பைட்ஸ் நிறுவும்போது கட்டணப் பதிப்பைச் சில நாள் சோதனைக்குத் தரும். காலம் முடிந்ததும் இலவசப் பதிப்பாக மாறிவிடும். இலவசப் பதிப்பு எந்நேரமும் காவல் காக்காது. நாம் கூப்பிட்டால் வந்து சோதித்துச் சுத்தம் செய்யும். அதுவே நமக்குப் போதும், டிஃபெண்டரோடு மோதாது. இரண்டாவது ஆட்வ்கிளீனர்: ஏ, டி, டபிள்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடு கிளீனர் என்ற சொல் சேர்ந்த பெயர். இதை நிறுவவே வேண்டாம். இறக்கி இரண்டு முறை சொடுக்கினால் ஓடும். உலாவியின் முகப்பு மாறிப்போனது, வேண்டாத கருவிப்பட்டை வந்து உட்கார்ந்தது போன்ற தொல்லைகளுக்கு இதைவிட விரைவான மருந்தை நான் பார்க்கவில்லை. 2016 முதல் இதுவும் மால்வேர்பைட்ஸ் நிறுவனத்துடையதுதான். எனவே இரண்டையும் அவர்களுடைய தளத்திலிருந்தே இறக்குங்கள்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உளவு நிரல் ஒழிப்புக் கருவி என்ற பெயரில் உளவு நிரலே வரும். 2006-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் ஸ்பைவேர் கிளீனர் என்ற மென்பொருளை விற்ற நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. இலவசமாகச் சோதிப்பதாகச் சொல்லி, சுத்தமான கணினியிலும் "உளவு நிரல் இருக்கிறது" என்று காட்டிப் பயமுறுத்தி 49.95 டாலருக்கு விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்த ஆண்டு முடிவதற்குள் 10 லட்சம் டாலருக்கு ஒத்துக்கொண்டு வழக்கை முடித்தார்கள். இது போலி நிறுவனத்தின் கதை. நல்ல பெயரெடுத்த நிறுவனத்தின் கதையும் உண்டு. அவாஸ்ட் இலவச ஆண்டிவைரஸ் நம்மில் பலர் பயன்படுத்தியதுதான். அதன் வழியாகத் திரட்டப்பட்ட, பயனர்கள் எந்தெந்தத் தளங்களைப் பார்த்தார்கள் என்ற விவரங்கள், ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் மூலம் விற்கப்பட்டன. விவகாரம் வெளியே வந்ததும் 2020-இல் ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்க வணிக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது.

ஆகவே இலவசக் கருவி ஒன்றைப் பார்க்கும்போது, இவர்களுக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். டிஃபெண்டருக்கான காசு விண்டோஸ் விலையில் இருக்கிறது. மால்வேர்பைட்ஸ் கட்டணப் பதிப்பை விற்றுப் பிழைக்கிறது. லிப்ரே ஆஃபீஸை ஓர் அறக்கட்டளை நன்கொடையில் நடத்துகிறது. இப்படிப் பதில் கிடைத்தால் சரி. கணினியை வேகமாக்குகிறேன், டிரைவர்களைப் புதுப்பிக்கிறேன், ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்கிறேன் என்று வரும் கருவிகளில் பலவற்றுக்கு இந்தக் கேள்விக்குப் பதிலே இருக்காது. நான் யாருக்கும் அவற்றைப் போட்டுத் தருவதில்லை.

மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017 பிப்ரவரியில் சைபர் ஸ்வச்தா கேந்திரா என்ற மையத்தைத் தொடங்கியது. அதன் தளத்தில் குயிக் ஹீல், இ-ஸ்கேன் போன்ற நம் நாட்டு நிறுவனங்களின் நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சி-டாக் உருவாக்கிய யு.எஸ்.பி. பிரதிரோத் என்ற கருவி, எந்தப் பென் டிரைவை நம் கணினியில் செருகலாம் என்று கட்டுப்படுத்தும். பத்து ஆசிரியர்களின் பென் டிரைவ் வந்துபோகும் இடங்களுக்கு அது பொருத்தமானது.

உலாவிக்கு ஒரு விளம்பரத் தடுப்பான் கட்டாயம் வேண்டும். விளம்பரம் எரிச்சல் தருகிறது என்பதற்காகச் சொல்லவில்லை. "டவுன்லோட்" என்று எழுதிய போலிப் பொத்தான்களில் பல விளம்பரங்கள்தான். அவை கண்ணில் படாவிட்டால் கை அங்கே போகாது. யூபிளாக் ஆரிஜின் இலவசம், திறந்த மூலம். ஃபயர்பாக்ஸில் முழுமையாக வேலை செய்கிறது. குரோமில் அதன் லைட் பதிப்பு மட்டும். பெயரில் ஆரிஜின் என்ற சொல் இருக்க வேண்டும். வெறும் யூபிளாக் என்று இருப்பது வேறு ஆட்களுடையது.

ஒரு டீச்சர் பதறிப்போய்க் கொண்டுவந்த கணினியைப் பற்றிச் சொல்கிறேன். திரையின் வலது மூலையில் நிமிடத்துக்கு ஒருமுறை "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள் உள்ளன" என்று சிவப்பு எச்சரிக்கை. மூன்று கருவிகளால் சோதித்தும் ஒன்றும் அகப்படவில்லை. காரணம், கணினியில் ஒன்றுமே இல்லை. ஏதோ ஒரு தளம் "அறிவிப்புகளை அனுப்பலாமா?" என்று கேட்டபோது அனுமதி என்று யாரோ அமுக்கியிருக்கிறார்கள். உலாவியின் அமைப்புகளில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கியதும் எல்லாம் நின்றது. அந்த எச்சரிக்கையில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்தவர்கள் கதிதான் பரிதாபம்; உதவி செய்கிறேன் என்று கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியைப் போடவைத்து, வங்கிக் கணக்கையே காலி செய்பவர்கள் இருக்கிறார்கள்.

வைரஸ்டோட்டல் என்ற தளத்தையும் சொல்ல வேண்டும். 2004-இல் ஸ்பெயினில் தொடங்கியது, இப்போது கூகுளுடையது. சந்தேகப்படும் கோப்பை அதில் ஏற்றினால் ஏராளமான ஆண்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் சோதித்துச் சொல்லும். புது மென்பொருள் எதையும் ஓடவிடும் முன் இதில் போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் மாணவர் விவரம் உள்ள எந்தக் கோப்பையும் அதில் ஏற்றாதீர்கள். அங்கே ஏற்றுவதைப் பாதுகாப்பு நிறுவனங்களும் ஆய்வாளர்களும் எடுத்துப் பார்க்க முடியும். அந்தத் தளம் நடப்பதே அப்படிப் பகிர்ந்துகொள்வதற்குத்தான். பட்டியலைக் காப்பாற்றப் போய்ப் பட்டியலை நாமே ஊருக்குக் கொடுத்தது போல ஆகிவிடும்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்குத் தனிப் பயனர் கணக்கு கொடுங்கள், அதுவும் ஸ்டாண்டர்ட் என்ற வகையில். உங்கள் கடவுச்சொல் இல்லாமல் கணினி முழுவதையும் மாற்றும் எதையும் அந்தக் கணக்கிலிருந்து நிறுவ முடியாது. விளையாட்டில் எளிதாக வெல்ல வைக்கும் குறுக்குவழி நிரல், காசு கொடுத்து வாங்க வேண்டிய விளையாட்டின் இலவசப் பதிப்பு இவையெல்லாம் திருட்டு நிரல்காரர்கள் விரும்பிப் போடும் தூண்டில். எட்டாம் வகுப்புப் படிக்கும் பையன் அதில் மாட்டுவது இயல்பு. அவனைத் திட்டிப் பயனில்லை. அவன் அமரும் இடத்தில் நம் எமிஸ் உள்நுழைவும் சம்பளத் தளத்தின் உள்நுழைவும் திறந்து கிடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் நாம் செய்யக்கூடியது. இந்தத் தனிக் கணக்குக்கு ஒரு பைசா செலவில்லை. ஏனோ யாருமே இதைச் செய்வதில்லை.

கடவுச்சொற்களை உலாவியில் சேமிக்காமல் பிட்வார்டன் அல்லது கீபாஸ் போன்ற இலவசப் பெட்டகத்தில் வைக்கலாம். தலைமையாசிரியரின் உள்நுழைவை நான்கு ஆசிரியர்கள் வீட்டுக் கணினியில் சேமித்து வைத்திருக்கும் பள்ளிகளும் உண்டு. வேலைப் பளுவால் வந்த பழக்கம் என்று எனக்கும் தெரியும். சேமிக்காமலாவது இருங்கள். வேலை முடிந்ததும் தலைமையாசிரியர் கடவுச்சொல்லை மாற்றிவிடட்டும்.

பழைய கணினிகளைப் பற்றி ஒரு வார்த்தை. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2020 ஜனவரி 14-உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, அமைப்புகளைக் காப்பு எடுக்கச் சம்மதித்தால் கட்டணமில்லாமல் மேலும் ஓராண்டு நீட்டிப்புப் பெறலாம். டிஃபெண்டரின் புதிய வைரஸ் பட்டியல் 2028 வரை விண்டோஸ் 10-க்கும் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் காவலாளி வேலைக்கு வந்தாலும் ஓட்டை விழுந்த சுவரைப் பூச ஆள் இல்லை என்றால் என்ன செய்வது? வீட்டில் மூலையில் கிடக்கும் விலையில்லா மடிக்கணினி போன்ற பழைய இயந்திரங்களுக்கு லினக்ஸ் போடுங்கள். தொடக்க ஆண்டுகளில் வந்த அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கியது. நம்மில் எத்தனை பேர் அதை ஒருமுறையாவது திறந்து பார்த்தோம்? விண்டோஸுக்காக எழுதப்பட்ட திருட்டு நிரல்கள் அதில் ஓடாது.

இத்தனை கருவிகளையும் விட வலுவானது ஒன்று இருக்கிறது. இல்லாத கோப்பை எந்த உளவு நிரலாலும் எடுக்க முடியாது. பதிவேற்றம் முடிந்த அன்றே பட்டியலை அழியுங்கள். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தால் போட்டவரே நீக்கட்டும். வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் 7-ஜிப் என்ற இலவசக் கருவியால் கடவுச்சொல் போட்டுச் சுருக்கிப் பென் டிரைவில் வைத்து, அந்தப் பென் டிரைவைப் பள்ளிப் பீரோவில் வையுங்கள்.

உளவு நிரல் புகுந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் என்ன செய்வது? முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். கடவுச்சொற்களை மாற்ற வேண்டும், ஆனால் அந்தக் கணினியிலிருந்து மாற்றாதீர்கள். புதிய கடவுச்சொல்லும் அதே வழியில் போய்விடும். கைபேசியிலிருந்து மாற்றுங்கள். மின்னஞ்சலில் தொடங்குங்கள், ஏனென்றால் மற்ற எல்லாக் கடவுச்சொற்களையும் அதன் வழியாகத்தான் மீட்கிறோம். மாற்றிய கையோடு "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதையும் அழுத்துங்கள். திருடிய அடையாளச் சீட்டு அப்போதுதான் செல்லாததாகும். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். அந்த முதல் சில மணி நேரத்தில்தான் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம். அதன் பிறகு ஆஃப்லைன் ஸ்கேன். கடவுச்சொல் திருடும் வகை என்று தெரிந்தால் நான் சுத்தம் செய்வதோடு நிறுத்தமாட்டேன்; ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவிவிடுவேன். மாணவர் பட்டியல் அந்தக் கணினியில் இருந்திருந்தால் தலைமையாசிரியரிடம் அன்றே சொல்லிவிடுங்கள். சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கும். சொன்னால்தான் "இப்படி ஒரு அழைப்பு வரலாம், நம்பாதீர்கள்" என்று பெற்றோர்களை எச்சரிக்க முடியும்.

கைபேசிக்கு என்ன செய்வது என்று பின் வரிசையில் கேட்கிறார்கள். அது தனியாக ஒரு கூட்டம் பேச வேண்டிய விஷயம். இப்போதைக்கு, வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. என்று முடியும் கோப்பு வந்தால், அது கல்யாணப் பத்திரிகை என்றாலும் வங்கி அறிவிப்பு என்றாலும் தொடாதீர்கள்.

மணி பன்னிரண்டே கால் ஆகிறது. மடிக்கணினி கொண்டு வந்திருப்பவர்கள் இப்போதே திறந்து, விலக்குப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டு, முழு ஸ்கேனை ஓடவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். சார்ஜரைச் செருகிவிட்டுச் சாப்பிடப் போகலாம். பிற்பகலில் திரையில் என்ன வந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து பார்ப்போம்.